உடனே வந்த பதில்

அவள் கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன் பிள்ள."

அனிற்றா போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். கடலிலிருந்து அழைத்தால் நீளமான எண் ஒன்று விழும். இது சாதாரண எண். எந்தக் கடையிலும் வாங்கக்கூடியது.

"இது யாருக்க நம்பரு?"

"போட்டுல புது போன் வச்சிருக்கு."

அதற்கும் உடனே பதில்.

அவள் கணவன் லீனஸ் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனால் திரும்பிவர ஒரு மாதத்துக்கு மேலாகும். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் டவர்கள் கைவிட்டுவிடும். அதற்கப்புறம் படகிலிருக்கும் சாட்டிலைட் போன்தான். எப்போதாவது கூப்பிடுவான்.

கல்யாணமான புதிதில் அந்தப் போன் அவர்களுக்குள் சண்டை மூட்டிக்கொண்டே இருந்தது.

அவள் ஒன்று கேட்பாள். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. கேட்கவில்லையோ என்று திரும்பவும் கேட்பாள். அதற்குள் முதல் கேள்விக்கான பதில் வந்து இதன்மேல் மோதும். என்னை நினைச்சியளா என்று கேட்டால்கூட யோசித்துவிட்டுத்தான் சொல்கிறான் என்று ஒருநாள் அழுதிருக்கிறாள்.

தம்பி ரெஜின்தான் விளக்கினான். அவனும் அதே படகில் போகிறவன்.

"அத்தான் யோசிக்கல்ல அக்கா. பேச்சு நேரா உனக்க காதுக்கு வரல்ல. முதல்ல வானத்துக்குப் போவுது. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல ஒரு சாட்டிலைட்டு நிக்கி. அது வாங்கித் திருப்பிக் கரைக்கு விடும். கரையிலேர்ந்து நம்ம டவருக்கு. டவர்லேர்ந்து உனக்கு. நீ சொல்லுததும் அந்த வழியாத்தான் போவணும். கொஞ்சம் பொறுத்துப் பேசு."

பொறுக்கப் பழகிக்கொண்டாள். கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடுவாள். அந்த மூச்சு முடியும்போது அவன் குரல் வானம் ஏறி இறங்கி வந்து சேரும்.

இன்று மூச்சு விட இடமில்லை.

இன்ஜின் சத்தமும் இல்லை. அவன் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கிறது.

இவன் கடலில் இல்லை.

"இப்ப எங்க நிக்கிய?"

"லட்சத்தீவுக்கு மேக்க."

"காத்து எப்படி?"

"காத்து கொள்ளாம். நல்லாத்தான் இருக்கு."

பின்னால் ஒரு பெண்குரல். மலையாளத்தில் ஏதோ கேட்டது. தணிந்த குரல். பழகினவர்களிடம் பேசுவதுபோல.

"அது யாரு?"

"ரேடியோ."

கொச்சியில் கரையேறி இன்னொரு குடும்பம் வைத்திருப்பவர்களைப் பற்றி ஊரில் பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். போன தடவை கொச்சியில் மீன் இறக்கிவிட்டு வர ஏன் பிந்தியது? வரும்போது ஒரு புதுச்சட்டை போட்டிருந்தான். நிறம் பார்த்துச் சட்டை எடுக்கத் தெரிந்தவன் இல்லை அவன்.

மாடிப்படியில் உட்கார்ந்தாள். கீழே அம்மை சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

பொய்யைப் பிடிக்க ஒரு வழி தோன்றியது. ரெஜினுக்கு அவளிடம் பொய் சொல்ல வராது. பாதியிலேயே சிரித்துவிடுவான். கரையை நெருங்கி டவர் கிடைத்ததும் வரும் முதல் அழைப்பு எப்போதும் அவனுடையதுதான். மரச்சீனிக் கிழங்கு அவித்து வைக்கச் சொல்லி.

"ரெஜின்கிட்ட போனைக் கொடுங்க."



ஒரு மூச்சு விட்டாள். இன்னொன்று விட்டாள்.

"அவன் உறங்குதான்."

"எழுப்புங்க."

"பிள்ள..."

"கரையில நின்னுக்கிட்டு என்கிட்ட பொய் சொல்லுதிய. எனக்குத் தெரியும். அந்தப் பொம்பள யாரு?"

"நர்சு."

அவன் குரல் உடைந்திருந்தது.

"அவளுக்க போனுதான் இது. கொச்சியில ஆஸ்பத்திரியில கெடக்கேன். ராத்திரி கப்பல் ஒண்ணு போட்டை இடிச்சிற்று. சொல்லத்தான் விளிச்சேன். வாய் வரல்ல."

இல்லை.

இவன் பிடிபட்டுவிட்டான். அதனால் புதிதாக ஒரு கதை கட்டுகிறான். அவள் நர்ஸ் இல்லை. எங்கேயோ ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு கட்டில் இருக்கிறது. அதில் சாய்ந்துகொண்டு பேசுகிறான். அவள் பக்கத்தில் நிற்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் கொடுத்துப் பார்த்தாள் அனிற்றா. நீளமான தலைமுடி கொடுத்தாள். தன்னைவிட நல்ல நிறமும் கொடுத்தாள்.

மாதாவே, அவளாகவே இருக்கட்டும்.

"சத்தியமா சொல்லுங்க. அவ உங்களுக்க ஆளுதானே? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சண்டை போட மாட்டேன். சொல்லுங்க."

அவன் அழத் தொடங்கினான்.

"மத்த எல்லாரையும் கடல்லேர்ந்து தூக்கியாச்சு பிள்ள. அவனை மட்டும்..."

அம்மை ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி படியேறி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"போட்டுலேர்ந்தா? கொடு மக்கா. எனக்க பிள்ள ரெஜின்கிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிடுதேன்."

அனிற்றா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சிக்னல் போச்சு அம்மை."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுவதுபோல, அத்தனை தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.