லிப்கின் திருத்தாத வாசிப்பு

யூதத் தொழுகைக்கூட மேசையில் தோரா வேதச் சுருளை விரித்ததுமே, மகன் எஸ்ராவின் பக்கத்தில் நின்ற ரீவா திடுக்கிட்டாள்.

மாதப் பிறப்பும் ஓய்வுநாளும் சேர்ந்து வந்தால் இரண்டு இடங்களில் படிக்க வேண்டும்; அதற்காக எடுத்த இரண்டாவது சுருள் அது. யாரோ தப்பான இடத்தில் சுற்றி வைத்துவிட்டார்கள். எஸ்ரா படிக்க வேண்டிய பகுதி அதில் எங்கேயும் தெரியவில்லை.

மகனுக்கு அது தெரியாது. பதின்மூன்று வயதாகியும் எழுத்து அவனுக்குப் பிடிபடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடம் மாறிவிடுகிறது என்பான்.

பையனைப் பெரியவர்களில் சேர்க்கும் இந்தப் பார் மிட்ஸ்வா நாளில் சபை நடுவே தோரா படிக்காத பிள்ளையை இங்கே டொராண்டோவில் யார் பெரியவனாக மதிப்பார்கள்? மனப்பாடமாக ஒப்பிக்கவும் கூடாது, சுருளைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஆகவே ரீவா ஒரு வருஷம் பாடிப் பாடி அவன் காதில் ஏற்றினாள். வெள்ளிக் குச்சியை வரிமேல் நகர்த்தவும் பழக்கினாள். பார்த்தால் படிக்கிற மாதிரியே இருக்கும்.

இந்தச் சபைக்குத் தொழ வருபவர்களைவிடத் தப்புப் பிடிக்க வருபவர்கள்தான் அதிகம். ஓர் ஒலி வழுக்கினால் போதும், நாலு பக்கமிருந்தும் கத்தித் திருத்துவார்கள். அவர்களுக்குத் தலைவர் லிப்கின், ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே காசு பார்த்தவர், இங்கே வந்தால் தன் வாயை மூடமாட்டார்.

போன வாரம்கூட அவளை வாசலில் பிடித்துக்கொண்டார்.

“பையன் பாவம்னெல்லாம் விட்டுட மாட்டேன் ரீவா. கடவுள் வார்த்தை. தப்புன்னா தப்புதான்.”

இப்போது சொன்னால் எல்லார் முன்னும் சுருளை மறுபடி சுற்றுவார்கள். அதற்குள் பிள்ளை பயந்து அத்தனையையும் மறந்துவிடுவான். பார்த்துப் படிக்க அவனால் ஆகாது.

ரீவா வெள்ளிக் குச்சியை எடுத்து மகன் கையில் கொடுத்தாள்.

எஸ்ரா பாடினான். குச்சி ஒரு பகுதியில் நகர்ந்தது, குரல் வேறொன்றைச் சொன்னது. பக்கத்தில் நின்று சரிபார்த்தவர்கள் வழக்கம்போல் கையிலிருந்த அச்சுப் புத்தகத்தைத்தான் பார்த்தார்கள். அதற்கும் அவன் குரலுக்கும் இம்மி பிசகவில்லை.

லிப்கின் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார். கடைசிவரை ஒரு தப்பும் வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பிறகுதான் வினை வந்தது. படித்து முடித்த சுருளைத் தூக்கிக் காட்டும் மரியாதைக்கு அவரையே அழைத்தார்கள்.

கைப்பிடிகளைப் பற்றினார். எழுத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

ரீவா கண்ணாலேயே கெஞ்சினாள்.

சுருள் மெல்ல உயர்ந்தது. சபையே எழுந்து வழக்கப்படி சுண்டுவிரலை நீட்டி, இதுவே தோரா என்று பாடியது. ஒருவர்கூட அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

சுருளை இறக்கியதும் லிப்கின் தொண்டையைச் செருமினார். எல்லாரும் அடங்கினார்கள்.

“ஒரு தப்பு கிடையாது!”

எல்லாப் பக்கமிருந்தும் வாழ்த்தாக மிட்டாய்கள் பறந்து வந்தன. எஸ்ரா தலையைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

இந்த மனுஷனுக்குள்ளும் இரக்கம் இருந்திருக்கிறதே என்று ரீவா கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்லப் போனாள். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அவள் காதருகே குனிந்தார்.

“நேத்து சுருளைச் சுத்தி வச்சது நான்தாம்மா. தயவுசெஞ்சு வாயைத் திறந்துடாதே.”