மூன்றாவது தூணின் கோடு

பாலத்தைத் திறக்கப் பொறியாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, பேனாவைத் திறந்துவிட்டார். திரையில் நான்கு தூண்களும் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று காட்டும் நான்கு வரைபடங்கள், வகிடு எடுத்ததுபோல் வரிசையாக இருக்கின்றன. மூன்றாவதில் அவர் விரல் நின்றுவிடுகிறது. சிவப்புக் கோடு, எந்த நிறம் எந்தக் கருவி என்று எழுதிய குறிப்புப் பெட்டிக்கு அடியில் நுழைந்து, வெளியே வரவேயில்லை. “பெட்டிய யாரும்மா இந்த மூலையில வச்சது?” “நான்தான் சார். நாலுலயும் ஒரே எடத்துல இருந்தா பாக்க லட்சணமா இருக்குமேன்னு...” வரைபடங்களுக்கான நிரலை எழுதியவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டுகிறாள். திரையில் சின்ன வட்டம் சுழல்கிறது. வெளியே, பாலத்தருகே காத்திருக்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. பெட்டி படத்துக்கு வெளியே போய் உட்கார்கிறது. அது இருந்த இடத்தில் கோடு நெட்டுக்குத்தாக ஏறியிருக்கிறது. பொறியாளர் பேனாவின் மூடியைத் தேடுகிறார்.