மூன்றாவது வரிசை நாற்காலி

பிலோமினா நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்து, அப்டேட் வயரைப் பிடுங்கி எறிந்தாள். அடியில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது. அப்பாடா! அப்டேட் பாதியிலேயே நின்றுவிட்டது.

"யக்கா, ஷோ தொடங்கப் போவுது. என்ன பண்ணுதீக?"

மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தான் காமெடியன் இசக்கிராஜா.

தூத்துக்குடியில் ஒரு பழைய உப்புக் கிடங்கு. சனிக்கிழமைதோறும் அங்கே உள்ளூர்ப் பிள்ளைகளை மேடையேற்றிப் பாடவும் சிரிக்கவைக்கவும் விடுவாள் பிலோமினா. ஆட்கள்தான் பத்துப் பேர் தேறுவதில்லை. மீதி இடத்தை வாடகைச் சிரிப்பு நாற்காலிகள் நிரப்பின. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போன சிரிப்பை, அச்சு அசலாக அவரைப் போலவே சிரிக்கும்.

"மத்ததெல்லாம் கரெக்டா சிரிக்கி. இந்த மூதி மட்டும் நான் அடுத்த ஜோக்குக்குப் போன பொறவு கெக்கெக்கேங்குது. அப்டேட் போட்டா எல்லாம் ஒண்ணாச் சிரிக்கும். எம் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீகக்கா!"

"அது இப்படியே இருக்கட்டும்டே. நீ ஜோக்கு சொல்லிட்டுக் கொஞ்சம் பொறு. அதுவும் சிரிச்சு முடிக்கட்டும்."

"ஒத்த நாற்காலிக்காகவா?"

பிலோமினா அதை நிமிர்த்தி வைத்து, முந்தானையால் தூசி தட்டினாள். கைப்பிடியிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு சிரிப்புடே அது. உசுரோட இருக்கையிலயும் அவருக்கு எந்த ஜோக்கும் லேட்டாத்தான் புரியும்."