திருப்பிப் போட்ட வீடியோ

"அக்கா, அந்த வீடியோவை முதல்ல அழி. மானம் போகுது!" என்று தையல் கடைக்குள் நுழையும்போதே கத்தினான் தம்பி. விளம்பரக் கம்பெனியில் அவன் வீடியோ எடிட்டர். அவனைக் கேட்காமலே அக்கா, சட்டைப் பட்டன் துளைக்குக் கையால் காஜா எடுப்பதைப் படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தாள்.

"இடது வலது மாறியிருக்கு. இஞ்ச் டேப்புல நம்பரெல்லாம் திரும்பித் தெரியுது. பார்க்கிறவன் சிரிப்பான்!"

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்று அக்கா மெஷினை மிதித்தாள். ஃபேக்டரி மூடியதிலிருந்து வேலையில்லாத அக்காவின் கணவர், மாமா, மூலையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

பத்தே நாளில் அந்த வீடியோவைப் பத்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். "எங்கக்காவாக்கும்!" என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிவிட்டு, அக்கா கொடுத்தனுப்பிய புதுச் சட்டையில் வாயெல்லாம் பல்லாக வந்தான் தம்பி.

"இடது கைக்காரங்க எல்லாம் கொண்டாடுறாங்கக்கா! திரும்பினதால, நீ இடது கையால தைக்கிற மாதிரியே இருக்காம். தெரியாம செஞ்ச தப்பு, உனக்கு யோகமாயிடுச்சு!"

"எதுடா தப்பு? வேணும்னேதான் திருப்பிப் போட்டேன். தொழில் கத்துக்கொடுன்னு உங்க மாமா கேட்டார். அவருக்கு இடது கைப் பழக்கம். என் கையைப் பார்த்து எவ்வளவோ முயற்சி பண்ணியும் வரலை. அவர் ஒருத்தருக்காக எடுத்த வீடியோடா அது."

"சரி, மாமா கத்துக்கிட்டாரா?"

அக்கா சிரித்தாள்.

"வந்ததிலேர்ந்து காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத் திரியறியே, அந்தச் சட்டைக்குக் காஜா எடுத்தது யாருன்னு நினைச்சே?"