ஜன்னலுக்குப் பத்து நிமிடம்

நான்தான், உங்கள் சின்னவன். வயது இருபத்து மூன்று. நிற்பது ஜன்னலோரம், கால் ஆடும் ஒரு நாற்காலியின் மேல்.

இரண்டு கையிலும் பிளாஸ்டிக் தாள். கண்ணாடிச் சாமான் சுற்றி வருமே, விரலால் அமுக்கினால் டப் டப்பென்று உடையுமே, அந்தத் தாள். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து இதை ஒட்டினால் குளிர் உள்ளே வராது என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார்.

ஒட்டுகிறேன். விழுகிறது. மறுபடி ஒட்டுகிறேன்.

இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவை அது தானாக விழவில்லை. பேக்கரிக்காரர் பிய்த்துப் போட்டார்.

இந்த அறையில் மூன்று பேர். நான் பகலெல்லாம் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். லாரி டிரைவர் அண்ணன் தினமும் மழையில் நனைந்து வருகிறார். பேக்கரிக்காரருக்கு ராத்திரியெல்லாம் ரொட்டி அடுப்பின் முன்னால் வேலை. நான் விறைத்து வருவேன், அவர் வெந்து வருவார்.

ஜன்னல் ஒன்றுதான்.

போன மாதம் எனக்கு இழுப்பு வந்தது. கம்பெனி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இன்னொரு தடவை வந்தால் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

அன்றிலிருந்து இந்த அறையோடு மல்லுக்கட்டுகிறேன்.

பழைய பேண்டின் ஒரு காலை வெட்டி, கந்தலைத் திணித்து, இரண்டு முனையையும் கட்டிக் கதவுக்கு அடியில் நீளமாகப் போட்டேன். காற்று நின்றது. டிரைவர் அண்ணன் அதைப் பாம்பு என்று நினைத்துக் கட்டில்மேல் ஏறி நின்று என்னைத் திட்டினார்.

ஹீட்டருக்குப் பின்னால் சுவரில் அலுமினியத் தாள் ஒட்டினேன். சுவருக்குப் போகிற சூடு அறைக்குத் திரும்பட்டும் என்று. மறுநாள் பார்த்தால் ஹீட்டர் முழுக்க டிரைவர் அண்ணனின் ஈர யூனிஃபார்ம். அது சட்டைக்குத்தான் வேலை பார்த்தது. எங்களுக்கு இல்லை.

இவர்களோடு தலையால் தண்ணீர் குடித்து ஒவ்வொரு இடுக்காக அடைத்து முடித்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. சுவர் வியர்க்க ஆரம்பித்தது. மூலையில் கறுப்பாகப் பூசணம். குளிராவது பரவாயில்லை, பூசணம் என் நெஞ்சுக்கு ஆகவே ஆகாது.

இதோ, பேக்கரிக்காரர் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றினார். நேராக ஜன்னலுக்கு வந்து, பாதி ஒட்டிய தாளோடு சேர்த்தே கதவைத் தள்ளித் திறந்தார்.

"ராத்திரி முழுக்க அடுப்புல வெந்துட்டு வரேன். ரூமையும் அடுப்பாக்கிட்டா நான் எங்கடா போறது, ஃபிரிட்ஜுக்குள்ளயா?"

ஃபிரிட்ஜுக்குள் தினமும் போகிறவன் நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இருமி முடியும்வரை விடவில்லை.

பிறகு மூலையில் இருந்த பூசணத்தைப் பார்த்தார். பேக்கரியிலும் இப்படித்தானாம். ஆவி வெளியே போகாவிட்டால் மாவு மூட்டையெல்லாம் பூத்துப்போகுமாம். அதனால் தினமும் பத்து நிமிடம் எல்லாக் கதவையும் அகலத் திறந்து போட்டுவிட்டு, அப்புறம்தான் இறுக்கச் சாத்துவார்களாம்.

இதை ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? கேட்டேன்.

"நீ என்கிட்ட எங்க கேட்ட? போன்கிட்ட புகார்தானே சொல்லிட்டிருந்த."

ஆக, ஏற்பாடு இதுதான். அவர் வந்ததும் பத்து நிமிடம் ஜன்னல் அவருக்கு. அப்புறம் மறுநாள்வரை எனக்கு. டிரைவர் அண்ணனின் சட்டை மாடிப்படிக் கம்பிக்குப் போகும். அவரிடம் இதை யார் சொல்வது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

இப்போது அந்தப் பத்து நிமிடம் ஓடுகிறது. போர்வையைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்து மீதியைச் சொல்கிறேன்.

அம்மா சொல்லி நேற்று நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். ஜன்னலில் ஈரத்துண்டைக் கட்ட வேண்டுமாம். தரையில் தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். கதவைத் திறந்து போட்டுப் படுக்க வேண்டுமாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும் என்று சொல்லித்தானே கிளம்பினேன். குளிர் என்று தெரிந்திருந்தால் வாசலைத் தாண்ட விட்டிருப்பாளா? அக்கா, அந்தப் பொய்யில் நீயும் கூட்டு, அத்தானும் கூட்டு.

இவன் ஏன் இப்போதெல்லாம் பேசுவதில்லை, வெறும் எழுத்தாக அனுப்புகிறானே என்று கேட்கிறாளாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா?

என் குரலைக் கேட்டால் முதல் வார்த்தையிலேயே பிடித்துவிடுவாள். அதனால்தான் நான் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நான் எவ்வளவு நேரம் நிறுத்தி மூச்சு வாங்கினேன் என்பதை அது எழுதுவதில்லை. காலையில் எழுந்ததிலிருந்தே இப்படித்தான்.

இன்றைக்குப் போன் யார் கையில் இருந்தாலும் சரி. அம்மாவுக்கு இதை வாசிக்கும்போது குளிர் வருகிற இடத்திலெல்லாம் வெயில் என்று வாசியுங்கள். டாக்டரை விட்டுவிடுங்கள். இருமலையும் விட்டுவிடுங்கள்.

நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் வாசியுங்கள்.