கூரை ஓட்டைச் சூரியன்

மடுல்கெல்லக் காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே கிரகணம் பார்க்க முற்றத்தில் கூடிவிட்டது. வெள்ளையம்மாளை மட்டும் அவள் மாமியார் இருளாயி அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"எட்டிக்கிட்டிப் பாத்தே, தொலைச்சுப்புடுவேன்."

"எல்லாரும் பாக்குறாங்களே அத்தை."

"நீயும் அவங்களும் ஒண்ணா?"

முற்றத்தில் மஞ்சள் தண்ணீர் அண்டாவுக்குள் சூரியனைப் பார்க்க முண்டியடித்தவர்கள் அண்டாவையே கவிழ்த்துவிட்டார்கள். "அண்ணாந்து பாக்காதீங்க, கண்ணு போயிரும்" என்று இருளாயி தொண்டை கட்டக் கத்துவது உள்ளே கேட்டது.

வெள்ளையம்மாள் எரிச்சலோடு தலையைக் குனிந்தாள். புல் கூரையின் ஓட்டைகள் வழியே தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகள் வழக்கமாக வட்டமாக இருக்கும். இன்றைக்கு ஒவ்வொன்றும் குட்டிப் பிறையாகக் கிடந்தது. எரிச்சல்கூட மறந்துபோயிற்று.

"அத்தை, கிரகணம் இங்க தரையிலயே தெரியுது" என்று அவள் வாயை விட்டதுதான் தப்பு.

லயமே காம்பராவுக்குள் நுழைந்தது. கால் வைக்க இடமில்லை. இருளாயி மருமகளின் தோளைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டாள்.

"மாசமா இருக்கிறவ இந்த நெரிசல்ல நிக்கலாமா? கிரகணம் முடியிற வரைக்கும் வெளியவே இரு."