சௌரிராஜன், வலது

நெட் கேபிளைச் சொருகியதும் மதர்போர்டின் பின்புறம் பச்சை விளக்கு துடித்தது.

கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுக்க வந்திருந்த பவதாரிணி தாளில் ஒரு டிக் போட்டாள். கேபிளைப் பிடுங்கிவிட்டு வைஃபையைப் பார்த்தாள்.

மஹால் பக்கத்துப் பழைய வீடு. சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் கனம். மோடம் மாடியில் இருந்தது. ஆன்டெனா இல்லாமல் ஒரு கோடு காட்டியது. இரண்டு ஆன்டெனாவையும் திருகி மாட்டியதும் மூன்று கோடு.

"இந்த போர்டு தாங்கும்க்கா. வீடியோ கால் நடுவுல நிக்காது."

ரம்யாஸ்ரீக்கு அதுதான் வேண்டும். கணவன் வீட்டை விட்டு அப்பாவிடம் வந்து எட்டு மாதமாகிறது. வீட்டிலிருந்தே வேலை. இன்னும் இரண்டு முறை கால் அறுந்தால் வேலையே போய்விடும் என்று போனில் சொல்லியிருந்தாள்.

"ஸ்பீக்கரை எம்புட்டு சத்தம் வேணா வச்சுப் பாருங்க. அப்பாவுக்குச் சுத்தமா காது கேக்காது."

அப்பா சௌரிராஜன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நரைமுடி காதை மூடி வளர்ந்திருந்தது.

புளூடூத்துக்கான சாஃப்ட்வேர் இறங்கிக்கொண்டிருந்தது. ரம்யாஸ்ரீ போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடியைக் கோதுவது போல அவர் கை இரண்டு காதுக்கும் போய் வந்தது.

அவள் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தாள். அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷை பவதாரிணிக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது மட்டும் தெரிந்தது.

காது கேட்காதவரிடம் எதற்கு இவ்வளவு பேச்சு?

கொஞ்ச நேரத்தில் ரம்யாஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட எழுந்து போனாள்.

பவதாரிணி புளூடூத்தைத் தேடவிட்டாள். ரம்யாஸ்ரீயின் போன் வந்தது. பக்கத்து வீட்டு டிவி வந்தது.

பிறகு, 'சௌரிராஜன், வலது'.

அதன் கீழே, 'சௌரிராஜன், இடது'.

ஹெட்செட்டோ என்று மேசையைப் பார்த்தாள். எதுவும் இல்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. காது கேட்பதற்காக மாட்டும் மெஷின் இப்படித்தான் பட்டியலில் வரும், ஒரு டாக்டர் வீட்டில் பார்த்திருக்கிறாள். ஆன் செய்த சில நிமிடங்கள் மட்டும் பெயரைக் காட்டும்.

திரும்பினாள். சௌரிராஜன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஜாடை எதுவும் காட்டவில்லை. முகம் மட்டும் வெளிறியிருந்தது.

டம்ளர் சத்தம் நெருங்கியது. பவதாரிணி பட்டியலை மூடினாள்.

"புளூடூத் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ரம்யாஸ்ரீ.

"நல்லாப் பிடிக்குதுக்கா."

கிளம்பியபோது கேட்டைத் திறந்துவிட அவரே கூட வந்தார். பவதாரிணி மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, அந்த மெஷினை உங்க ரூம்லயே ஆன் பண்ணி மாட்டிட்டு, ஒரு பத்து நிமிசம் கழிச்சு வெளிய வாங்க. பேரு காட்டாது."

அவர் தலையசைத்தார்.

அதற்கு மேல் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அக்காகிட்டச் சொல்லிறலாம்ல?"

அவர் ஒரு முறை வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"எட்டு மாசமா தெனமும் பக்கத்துல வந்து உக்காந்து என்னமோ சொல்லுவா, அழுவா. வேற யார் கேட்டாலும் ஒரு வார்த்தை வராது. அப்படி என்னதான் சொல்றான்னு தெரியணுமேன்னுதான் பாப்பா, போன மாசம் இதை வாங்குனேன்."

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்குதுன்னு தெரிஞ்சா நிறுத்திருவா."

ரம்யாஸ்ரீ படியிறங்கி வந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர்கள் பாஷையில் தணிவாக ஏதோ சொன்னாள்.

அவர் திரும்பவில்லை. தோளில் அவள் கை படும்வரை தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.